வெளுக்காத பல்

அன்று அந்த அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். சாய்வு நாற்காலியில், கழுத்து வரை பச்சைத் துணி போர்த்தி, வாயைத் திறந்தபடி தையல்காரி. அவள் தலைமாட்டில், சக்கரம் வைத்த முக்காலியில் டாக்டரம்மா. இடப்பக்கம், எச்சில் இழுக்கும் குழாயைப் பிடித்துக்கொண்டு நர்சக்கா. உட்கார்ந்தால் முழங்கால் திரும்ப எழ விடாது என்று எப்போதும் நின்றபடியே வேலை பார்ப்பவர். சுவரோரத்து நீள பெஞ்சில் தையல்காரியின் கணவன், ஹெல்மெட்டைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு. அதே பெஞ்சின் மறுமுனையில், திறந்த வாய் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, அவனுடைய அக்கா.

அந்த பெஞ்சு டாக்டரம்மாவின் சொந்த ஏற்பாடு. மற்ற பல் டாக்டர்கள் கூட வந்தவர்களை வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இவர் கதவைச் சாத்துவதே இல்லை. உள்ளே என்ன நடந்தது, ஏன் இத்தனை மாதம் ஆகிறது என்று வீட்டுக்காரர்கள் பின்னால் வந்து சண்டை பிடிப்பதைத் தொழிலுக்கு வந்த புதிதில் நிறையப் பார்த்துவிட்டார். எல்லாரும் கண்ணால் பார்த்துவிட்டால் வம்பு தீர்ந்தது என்று பெஞ்சை உள்ளே போட்டார். “வாயையே திறந்து காட்டியாச்சு, இனிமே ஒளிக்க என்ன இருக்கு” என்பார் புதிதாக வருகிற ஒவ்வொரு குடும்பத்திடமும். எல்லாரும் சிரிப்பார்கள். நாற்காலியில் படுத்திருப்பவர் மட்டும் சிரிக்க முடியாது.

இன்னொரு பழக்கம், கடிதம். சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று கோடு போட்டு எழுதக் கற்றுக்கொண்ட கை அது. போனில் சொன்னால் காற்றோடு போய்விடும், தாளில் எழுதினால் அலமாரிக் கதவில் ஒட்டி வைப்பார்கள் என்பது அவருடைய எண்ணம். சிகிச்சையில் ஏதாவது பிசகினால் அன்றே வீட்டுக்கு ஒரு கடிதம் போகும். நோயாளி பிள்ளையாக இருந்தால் அப்பாவுக்கு. பெண்ணாக இருந்தால் கணவருக்கு. ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று ஆரம்பித்து, வாய் யாருடையதோ அவரைப் படர்க்கையில் வைத்துப் போகும். தானும் ஒரு பெண்தான் என்பது அந்தக் கடிதங்களை எழுதும்போது டாக்டரம்மாவுக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

பல் கட்டும் வேலை பார்வைக்குச் சுலபம். ஒவ்வொரு பல்லின் முகத்திலும் அரிசி அளவுக்கு ஒரு இரும்புக் கட்டம் ஒட்ட வேண்டும். கிளிப் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். கட்டம் கட்டமாகக் கோத்துக்கொண்டு கம்பி ஓடும். கம்பி இழுக்க இழுக்கப் பல் வரிசைக்கு வரும். சூட்சுமம் ஒட்டுவதில்தான் இருக்கிறது. முதலில் நீலக் கூழ் மாதிரி ஒரு அமிலத்தைப் பல்லில் தடவி, கழுவி, காற்றடித்துக் காய வைப்பார்கள். பளபளப்பு போய், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி பல் வெளுத்துவிடும். அப்படி வெளுத்தால்தான் பசை பிடிக்கும். பிறகு கிளிப்பை வைத்து நீல விளக்கைக் காட்டினால் போதும். கொறடு வைத்துப் பிடுங்குகிற வரைக்கும் அது நகராது.

தையல்காரிக்கு மேல்வரிசை முழுக்கக் கிளிப் நின்றது. வலப்பக்க முன்பல்லில் மட்டும் நிற்கவில்லை. ஒட்டி அனுப்பிய சில நாளிலேயே கழன்று கம்பியில் தொங்கும். முதல் தடவை விழுந்தபோது டாக்டரம்மா பெஞ்சைப் பார்த்துக் கேட்டார், “வீட்ல என்னம்மா கடிச்சாங்க?”

“கண்ணு முன்னால ஒண்ணும் கடிக்கல டாக்டர்” என்றாள் நாத்தனார். “கண்ணு மறைவுல என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்.”

இரண்டாவது தடவை நாத்தனாரே விடையும் கொண்டுவந்தாள். இருவரும் சேர்ந்துதான் தையல் கடை வைத்திருந்தார்கள். நாத்தனார் வெட்டுவாள், இவள் தைப்பாள். “மிஷின்ல ஓட்டி முடிச்சதும் நூலைப் பல்லால கடிச்சுத்தான் துண்டாக்குவா டாக்டர். கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து பாக்கறேன். கத்தரி கைக்கு எட்டற தூரத்துல இருக்கும். ஆனா பல்லு அதைவிடக் கிட்டக்க இருக்கே.”

“கிளிப் போட்டதுலேர்ந்து கடிக்கறதில்ல அண்ணி” என்றாள் தையல்காரி.

“பழக்கம்மா அது” என்றார் டாக்டரம்மா. “நமக்கே தெரியாம வாய் போயிடும்.”

அன்று மாலை கணவனுக்குக் கடிதம் போயிற்று. ‘தங்கள் மனைவி நூலைப் பல்லால் கடிக்கும் வழக்கம் உடையவர் என்று அறிகிறேன். சிறு கத்தரி ஒன்றை நாடாவில் கோத்து எந்நேரமும் கழுத்தில் அணியச் செய்வது நலம். வீட்டிலுள்ளோர் அனைவரும் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.’ எழுதி முடித்ததும், நாடா யோசனை நன்றாக வந்திருக்கிறது என்று அவருக்கே ஒரு திருப்தி.

அதே நாள், மற்ற இருவரும் படி இறங்கிய பிறகு தையல்காரி வாசற்படியில் கொஞ்சம் பின்தங்கியிருந்தாள். “அடுத்த தடவை நான் மட்டும் வரட்டுமா டாக்டர்?” என்று கேட்டாள்.

“எதுக்கும்மா? அவங்க கூட வர்றதுதான் உங்களுக்கு நல்லது. நாலு கண்ணு பாத்தாத்தான் அந்தப் பழக்கம் போகும்” என்று சொல்லி டாக்டரம்மா அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

இப்போது மூன்றாவது தடவை. பச்சைத் துணியின் மேல் சிவப்பு நாடாவும், அதன் நுனியில் விரல் நீளத்துக் கத்தரியும் கிடந்தன. தன் கடிதம் வீட்டில் வேலை செய்வதைப் பார்த்து டாக்டரம்மாவுக்கு முதலில் சந்தோஷம்தான். பிறகு, அதையும் மீறி விழுந்துவிட்டதே என்று கோபம்.

“மத்த பல்லுல எல்லாம் கல்லு மாதிரி நிக்குது. இதுல மட்டும் எப்படி விழும்? விழல. நீங்க விழ வைக்கறீங்க.”

வாய் திறந்திருந்த நிலையிலேயே தையல்காரி எதையோ சொன்னாள். ‘நான் கடிக்கல’ என்பது எழுத்தெல்லாம் உதிர்ந்து வெறும் சத்தமாக வந்தது.

“கடைக்கு வர்றவங்ககூடக் கேக்கறாங்க டாக்டர், எதுக்குக் கழுத்துல கத்தரின்னு” என்றாள் நாத்தனார். “எங்க வீட்டுப் பொடிசு ரெண்டும் பின்னாலயே சுத்தி, அத்தை கடிக்கிறாங்களா பாருன்னு ஒரே காவல். அப்படியும் கழண்டு வந்து நிக்குதுன்னா நான் என்னத்தைச் சொல்ல.”

கணவன் ஹெல்மெட்டின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான். டாக்டரிடம் வந்தால் அவனுக்கு எப்போதும் அந்த வாரில் ஏதோ ஒரு வேலை இருக்கும்.

டாக்டரம்மா நீலக் கூழைத் தடவினார். கழுவினார். காற்றடித்தார். பல் பளபளவென்று இருந்தது.

“அக்கா, எச்சில் வருது பாருங்க.”

“சொட்டு இல்ல டாக்டர். பாலைவனமா இருக்கு.”

போன இரண்டு தடவையும் இதே பேச்சுதான் நடந்தது. இரண்டு தடவையும் நர்சக்காவின் குழாய் மேல் பழியைப் போட்டு, இருந்த பளபளப்பின் மேலேயே பசையை வைத்து ஒட்டி அனுப்பியிருந்தார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். இன்றும் காத்திருந்தார்கள். ஆனாலும் கோபம் சில சமயம் நல்லது செய்யும். இந்தத் தடவை எவர் தப்பு என்று பார்த்தே தீர்வது என்று விளக்கை இழுத்துக் கிட்டக் கொண்டுவந்து, மேலுதட்டை விரலால் தூக்கினார். கூழ் வழிந்து பட்ட பக்கத்துப் பல்லின் ஓரம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. இந்தப் பல் மட்டும் கழுவி வைத்த தட்டு மாதிரி மின்னியது. ஈறோடு சேர்கிற இடத்தில் மயிரிழை கனத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.

அடுத்து அவர் வாயிலிருந்து வந்ததைப் பின்னால் எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்தார். சொன்ன வார்த்தையைவிட, சொன்ன குரல்தான் அவரை வதைத்தது. அதில் குதூகலம் இருந்தது. தொலைந்த சாவி தன் பையிலேயே கிடைத்தவனின் குரல்.

“அட, இது பல்லே இல்ல. பீங்கான். கேப் போட்டிருக்காங்க.”

சொல்லிவிட்டு நிறுத்தவும் இல்லை. பெஞ்சின் பக்கம் முக்காலியைத் திருப்பி, வகுப்பெடுக்கிற மாதிரி விளக்கினார். நிஜப் பல்லுக்குப் போடுகிற அமிலம் பீங்கானை ஒன்றும் செய்யாது. அதற்கு வேறு அமிலம், வேறு மருந்து. “அதான் நிக்கல. என் பசையில ஒரு குத்தமும் இல்ல. இங்க வாங்க, பாருங்க, கோடு தெரியுதா” என்று கண்ணாடியைப் பிடித்து, உதட்டைத் தூக்கி, எழுந்து வந்த நாத்தனாருக்குக் காட்டவும் காட்டினார்.

நாத்தனார் குனிந்து பார்த்தாள். கணவனும் எட்டிப் பார்த்தான்.

“நிஜப் பல்லு இல்லையா இது?” என்றாள் நாத்தனார், தனக்குத்தானே சொல்வது போல.

அப்போதுதான் டாக்டரம்மா வாயை விட்டுக் கொஞ்சம் மேலே பார்த்தார். தையல்காரி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணின் இரு கடையிலிருந்தும் நீர் இறங்கிக் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. துடைக்க அவளுக்குக் கை இல்லை. கை இரண்டும் துணிக்கு அடியில் இருந்தன.

அந்த இடத்தில் டாக்டரம்மா வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. “முதல் நாளே கேட்டேனேம்மா, கேப், செயற்கைப் பல் ஏதாவது இருக்கான்னு. இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க.”

தையல்காரி வாயிலிருந்த குழாயைத் தானே விலக்கிவிட்டாள். எழுந்து உட்கார்ந்தாள். வாய் கொப்பளித்துத் துப்பினாள். துணியை மடித்துக் கைப்பிடியில் போட்டாள். தையல்காரி மடிப்பு, ஓரத்தோடு ஓரம் சேர்ந்திருந்தது.

“தனியா வரட்டுமான்னு கேட்டேன்” என்றாள். அவ்வளவுதான். உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போனாள். கணவன் ஹெல்மெட்டோடு பின்னால் ஓடினான்.

நாத்தனார் மட்டும் அறை நடுவில் நின்றுகொண்டிருந்தாள். “அப்ப நூல், டாக்டர்?”

“நூலுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

“அப்ப அவ கடிக்கலையா?”

“கடிச்சிருக்க வேண்டியதே இல்ல. அது தானாவே விழுந்திருக்கும்.”

நாத்தனார் பெஞ்சிலிருந்த பையை எடுத்தாள். “நாங்க கத்தரியை மாட்டிவிட்டோமே” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நர்சக்கா கருவிகளைத் தட்டில் அடுக்கினார்.

கடைசி ஆளும் போன பிறகு டாக்டரம்மா தையல்காரியின் எக்ஸ்ரே படத்தை எடுத்து வெளிச்சப் பலகையில் மாட்டினார். முழு வாய்ப் படத்தில் முன்பற்கள் மங்கலாகத்தான் விழும். கழுத்தெலும்பின் நிழல் குறுக்கே வரும். அதனால் அந்த இடத்தை எல்லாரும் கொஞ்சம் அலட்சியமாகத்தான் பார்ப்பார்கள். இந்தச் சமாதானத்தை மனசுக்குள் தயார் செய்துகொண்டுதான் மாட்டினார். படம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மங்கலின் நடுவில் வலப்பக்க முன்பல் மட்டும் தொப்பி போட்ட மாதிரி வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தது. முதல் நாளிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்தது.

தெரியாத வேலை என்றாலாவது ஓர் ஆறுதல் உண்டு. பீங்கானுக்கான அமிலம் அவர் அலமாரியின் பூட்டிய தட்டிலேயே இருந்தது. அது பட்டால் ஈறு வெந்துவிடும் என்பதால் சுற்றிலும் பாதுகாப்புப் பசை பூசி, பொறுமையாக வைத்து, கழுவி, இணைப்புத் திரவம் தடவி, அதற்கப்புறம்தான் ஒட்ட வேண்டும். எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறார். ஆக, தெரியாமல் வந்த தப்பு இல்லை. பல் மூன்று தடவை வெளுக்க மாட்டேன் என்றது. அந்தப் பெண்ணும் கடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். இரண்டில் ஒன்றையாவது நம்பியிருந்தால் போதும். அவருக்கு முகம் சுட்டது. யாரும் இல்லாத அறையில் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

அடுத்த முறைக்குக் குறித்திருந்த நாளில் தையல்காரி வரவில்லை. நர்சக்கா போன் போட்டார். கணவன் எடுத்து, “சொல்லிப் பாக்கறேன்” என்றான். அதற்கடுத்த முறையும் வரவில்லை. மேல்வரிசை பாதி நகர்ந்த நிலையில் நிற்கிறது. முன்பல் ஒன்றைப் பிடிக்காமல் கம்பி மற்றவற்றை மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும். இப்படியே விட்டால் இருந்ததைவிட மோசமாகும். பெஞ்சில் புதுப்புதுக் குடும்பங்கள் வந்து உட்கார்ந்தன. ஒளிக்க என்ன இருக்கு என்கிற வேடிக்கைப் பேச்சு டாக்டரம்மாவின் நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போயிற்று.

ஒருநாள் நாத்தனார் தனியாக வந்தாள். பெஞ்சில் உட்காரவில்லை. உட்காரச் சொல்லியும் அதைக் கொஞ்சம் முறைத்துப் பார்த்துவிட்டு நின்றாள்.

“எப்படி இருக்காங்க?” என்றார் டாக்டரம்மா.

“வாயைத் திறக்கறதில்ல. பேசினாலும் கையை வச்சு மூடிக்கிட்டுத்தான். வேற டாக்டர்கிட்டப் போகலாம்னா, இனிமே என் வாயை எவர்கிட்டயும் காட்டமாட்டேங்கறா. மிஷின் ரிப்பேர் பண்ற கொறடு கடையில இருக்கு. ஒருநாள் அதை எடுத்து எல்லாத்தையும் நானே கழட்டிக்கப் போறேன்னு சொல்றா. செஞ்சாலும் செஞ்சுடுவா.”

“ஐயோ, வேண்டாம். பல்லு பேந்து வந்துடும். கேப்பும் உடைஞ்சுடும்.”

“அதைச் சொல்லத்தான் வாயே இல்லையே எங்களுக்கு.” நாத்தனார் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். “இன்னொண்ணு கேளுங்க. இப்ப நூலைக் கடிக்கறா. நிஜமாவே. முன்னால பல்லு மேல பட்டும் படாமலும் கடிப்பா. இப்ப கடை முழுக்கக் கேக்கற மாதிரி டக்கு டக்குன்னு. கடிச்சுட்டு என்னை நிமிர்ந்து பாக்கறா. நான் வெட்டிக்கிட்டிருக்கற துணியையே பாக்கறேன். வேற எங்க பாக்க?”

டாக்டரம்மாவும் வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேஜையைப் பார்த்தார்.

“பல்லுக்காக யாரும் அவளை ஒண்ணும் சொல்லல டாக்டர். சின்ன வயசுல ஸ்கூல்ல ஓட்டப்பந்தயத்துல விழுந்து உடைச்சுக்கிட்டாளாம். அவங்க அப்பா கூட்டிட்டுப் போய்க் கட்டி, இது உனக்கும் எனக்கும் மட்டும்தான்னு சொல்லியிருக்கார். அவரும் போய்ச் சேந்துட்டார். கல்யாணப் பேச்சுக்கு முதல்ல போனது நான்தான். பொண்ணு எப்படின்னு கேட்டப்ப, முன்பல்லு ஒண்ணு முத்து மாதிரி மின்னுதுன்னு வீட்ல வந்து சொன்னேன். அவ முன்னாலயும் சொன்னேன். அந்தப் பல்லைத்தான் டாக்டர்.” அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் அறுந்தது. “மின்னாம என்ன பண்ணும், பீங்கானாச்சே. அதுக்கப்புறம் அவ எப்படி என்கிட்டச் சொல்லுவா.”

“அவங்க வீட்டுக்காரர்?”

“என் தம்பியா? பீங்கான்னா கறை பிடிக்காது, நல்லதுதானேன்னான். சமாதானம் சொல்றானாம். அன்னிக்கு ராத்திரி அவ கத்தரியைக் கழட்டி, அலமாரியில ஒட்டியிருக்கற உங்க கடுதாசி பக்கத்துலயே ஆணியில மாட்டிட்டா. இன்னும் அங்கயேதான் தொங்குது. எடுக்க எங்க யாருக்கும் தைரியம் இல்ல.” நாத்தனார் பையைத் தோளில் மாட்டினாள். “நீங்க ஒரு கடுதாசி எழுதுங்க. தம்பி பேருக்கு, எப்பவும் எழுதற மாதிரி. அவ மேல தப்பில்லன்னு போட்டு. பழசைக் கிழிச்சுட்டு அதை ஒட்டிடறேன்.”

“எழுதறேன்” என்றார் டாக்டரம்மா.

மத்தியானம் நோயாளிகள் இல்லாத நேரத்தில் கோடு போட்ட தாளை எடுத்தார். அனுப்புநர். பெறுநர். மதிப்பிற்குரிய ஐயா. கை தானாக ஓடியது. ‘தங்கள் மனைவியின் வலப்பக்க முன்பல் பீங்கானால் ஆனது என்பதால்…’

அங்கே நின்றது. இந்தத் தாள் அலமாரிக் கதவில் ஏறும். வீட்டுக்கு வருகிறவர், போகிறவர், துணி அளவு கொடுக்க வருகிறவர் என்று எல்லாரும் நின்று வாசிப்பார்கள். அறைக்குள் ஒரு தடவை உதட்டைத் தூக்கிக் காட்டியது போதாதென்று தினமும் தூக்கிக் காட்டுகிற ஏற்பாடு. தாளைக் கிழித்தார்.

வேறு தாளில், பீங்கானைக் குறிப்பிடாமல், ‘தங்கள் மனைவி குற்றமற்றவர்’ என்று எழுதிப் பார்த்தார். போலீஸ் எழுதிக் கொடுக்கிற மாதிரி இருந்தது. அதோடு, அந்தப் பெண் குற்றமற்றவள் என்று யாருக்கோ சான்றிதழ் தருவதற்கு இவர் யார். அதையும் கிழித்தார்.

“தாளு தீந்துடப் போகுது டாக்டர்” என்றார் நர்சக்கா, பஞ்சு உருட்டிக்கொண்டே.

“யாருக்கு எழுதறதுன்னு பிடிபடல அக்கா.”

“தப்பு யாருக்குப் பண்ணினீங்களோ அவங்களுக்கு எழுதுங்க. விலாசம் ஒண்ணுதானே.”

விலாசம் ஒன்றுதான். பெறுநர் என்ற இடத்தில் பேர் வேண்டும். டாக்டரம்மாவுக்குத் தையல்காரியின் பேர் நினைவுக்கு வரவில்லை. கோப்பைத் திறந்தார். மேலட்டையில் ‘இன்னாரின் மனைவி’ என்று அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. உள்ளே சம்மதப் படிவம். கணவன் கையெழுத்துப் போட்டிருந்தான், போடச் சொன்னதும் இவர்தான். போன கடிதங்களின் நகல்களைப் புரட்டினார். தங்கள் மனைவி, தங்கள் மனைவி, அவர், அவர். இத்தனை மாதம் அவள் வாய்க்குள் கையை விட்டு வேலை பார்த்தவர், கோப்பு முழுக்கத் தேடியும் அவளைக் காணாமல், கடைசியில் எக்ஸ்ரே உறையை எடுத்தார். படம் எடுத்த இடத்தில் ஒட்டியிருந்த சீட்டில் பேர் இருந்தது, முதலெழுத்தோடு. பார்க்காமல் விட்ட படத்தின் மேலேயே, பார்க்காமல் விட்ட பேர். அதை எழுத்துக் கூட்டிப் பெறுநர் இடத்தில் எழுதினபோது, பள்ளிக்கூடத்தில் தப்பாக எழுதி முட்டி போட்ட பிள்ளை மாதிரி அவருக்குக் காது சூடாயிற்று.

‘மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் முன்பல்லில் கிளிப் நிற்காததற்குக் காரணம் நான். அது பீங்கான் என்று முதல் நாளே உங்கள் எக்ஸ்ரே படத்தில் தெரிந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. ஒட்டும்போதும் பல் வெளுக்கவில்லை, கண்டும் ஒட்டினேன். நீங்கள் கடிக்கவில்லை என்று சொன்னீர்கள். நான் நம்பவில்லை.

தனியாக வரட்டுமா என்று கேட்டீர்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். பிறகு, உங்களைக் கேட்காமல் உங்கள் வாயைப் பிறருக்குக் காட்டினேன். அப்போது என் கை சுத்தம் என்று தெரிந்த சந்தோஷம் எனக்கு இருந்தது. அதை நினைத்து வெட்கப்படுகிறேன்.’

அடுத்து, ‘நீங்களும் முதலிலேயே சொல்லியிருந்தால்’ என்று ஒரு வரி வந்து விழுந்தது. எவ்வளவு இயல்பாக வந்தது என்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடித்தால் அடித்தது தெரியும். அந்தத் தாளையே ஒதுக்கிவிட்டு, வேறு தாளில் முதலிலிருந்து, அந்த வரி இல்லாமல், நிறுத்தி எழுதினார். பிறகு தொடர்ந்தார்.

‘இனிச் செய்யக்கூடியது இவை. பீங்கானுக்கென்று வேறு அமிலம் உண்டு. ஈறைக் காத்து முறையாகச் செய்தால் கிளிப் நிற்கும். ஆனால் சிகிச்சை முடிந்து கிளிப்பை எடுக்கும்போது பீங்கானில் கீறலோ சில்லோ விழக்கூடும். விழாது என்று உறுதி தர என்னால் முடியாது. அந்தப் பல்லை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் சரிசெய்யவும் வழி உண்டு; வரிசை முழுமையாக வராது. எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டுமானால் அதுவும் உங்கள் விருப்பம். எங்காவது ஒரு டாக்டரிடம் எடுங்கள், கொறடால் நீங்களே எடுக்க வேண்டாம். என்னிடம் வர மனமில்லை என்றால் படமும் குறிப்பும் எந்த டாக்டருக்கு வேண்டுமோ அங்கே அனுப்புகிறேன்.

வந்தால், கதவு சாத்தியிருக்கும். நீங்கள் அழைத்தவர் மட்டும் உள்ளே இருப்பார்.

உங்கள் வீட்டுக்கு நான் எழுதிய கடிதங்கள் தவறானவை. கத்தரியை நீங்கள் அணிந்திருக்கவே வேண்டியதில்லை. இதை உங்கள் கணவருக்கு எழுதச் சொல்லி உங்கள் நாத்தனார் கேட்டார். நீங்கள் சொல்லாமல் யாருக்கும் எழுத மாட்டேன்.’

‘இப்படிக்கு’ போட்டுக் கையெழுத்திட்டார். மன்னியுங்கள் என்று ஒரு வார்த்தை சேர்க்கலாமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். கேட்டால் அவள் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டிருப்பவளிடம் அதையும் போய்ப் பிடுங்குவானேன். மூடியைப் போட்டுப் பேனாவை வைத்தார்.

“அக்கா, அந்த பெஞ்சை வெளிய தூக்கிப் போடணும். யாராவது கை கொடுப்பாங்களா?”

“முழங்கால் இருக்கற நிலைமையில நான் கை மட்டும் கொடுக்கறேன்” என்றார் நர்சக்கா.

தபால் அலுவலகம் மூடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் டாக்டரம்மா போய்ச் சேர்ந்தார். பதிவுத் தபால் ஜன்னலில் இருந்தவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வீட்டு விலாசமா, கடை விலாசமா மேடம் இது?”

“ரெண்டும் ஒண்ணுதான், முன்பக்கம் கடை. பகல்ல அவங்க அங்கதான் இருப்பாங்க.”

“கடைன்னா ஓனர் பேர் போட்டாத்தான் சட்டுனு கொடுப்பாங்க. இந்த அம்மா பேரைச் சொன்னா தபால்காரருக்குத் தெரியுமா? வீட்டுக்காரர் பேரைக் கீழ போட்டுடுங்களேன்.”

“வேண்டாம். அவங்களே கையெழுத்துப் போட்டு வாங்கணும். வேற யார் கையிலயும் கொடுக்கக் கூடாது.”

“அவங்க இல்லன்னா திரும்பி வந்துடும்.”

“வந்தா மறுபடியும் அனுப்பறேன்.”

ஜன்னல்காரர் தோளைக் குலுக்கி உறையைத் திருப்பி நீட்டினார், ஒட்டவில்லையே என்றார். டாக்டரம்மா தாளை ஒருமுறை வெளியே எடுத்து, மேலே எழுதிய பேரை உறை மேல் எழுதிய பேரோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தார். திரும்ப மடித்து வைத்தார். ஜன்னலோரத்துப் பசைக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, ஓரம் முழுக்கப் பூசி, மடக்கி, எங்கும் தூக்கிக்கொண்டு நிற்காதபடி நகத்தால் அழுத்தி ஒருமுறை ஓட்டினார். ஜன்னலுக்குள் கொடுத்தார். முத்திரை விழுந்தது. உறை சாக்குக்குள் போயிற்று.